நடந்தால் இறங்கும் சுரம்

1

ராயபுரத்தில் என் முகத்தைப் பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். பார்த்ததெல்லாம் ஒரு பெரிய பித்தளை வாயும் அதற்குக் கீழே இரண்டு கால்களும்தான். எங்கள் மாதா கோயில் பேண்டில் பேஸ் ஊதியவன் நான். பேஸ் என்றால் பித்தளை வாத்தியங்களிலேயே பெரியது. வாரைத் தோளில் போட்டு மாட்டிக்கொண்டால் ஆளை முழுங்கிவிடும். தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் அண்டா. "அண்டா வருதுடோய்!" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடுவார்கள். கல்யாணமோ, தேரோ, சாவோ, கடைசி வரிசையில் அண்டாவுக்குப் பின்னால் சேவியர் என்று ஒருத்தன் இருப்பது யாருக்கும் தெரியாது.

அறுபத்தெட்டில் இங்கிலாந்துக்கு வந்துவிட்டேன். வடக்கே ஒரு மில் ஊர். பெயரைச் சொன்னால் உங்கள் வாயில் நுழையாது, என் வாயிலேயே இன்னும் சரியாக நுழையவில்லை.

நேற்று என் தங்கை ஸ்டெல்லா பேசி அனுப்பிய கேஸட் ஒன்று வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். விஷயம் இவ்வளவுதான்: ராயபுரத்தில் இருக்கிற என் அம்மாவுக்குக் காது போய்விட்டது. நான் இங்கிருந்து ஊதி அனுப்பியது அவளுக்குக் கேட்டதா, கேட்டாலும் அது நான்தான் என்று தெரிந்ததா? அதைச் சொல்வதற்கு முன்னால் பேஸ்காரன் கீழ்ச்சுரத்துக்கு எப்படி இறங்குகிறான் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், அதிகம் அறுக்க மாட்டேன்.

2

மேல்சுரம்தான் கஷ்டம் என்று சொல்கிறவன் பேஸைத் தொட்டிருக்க மாட்டான். மேலே போக உதட்டை இறுக்கி, கண் பிதுங்கத் தம் பிடித்தால் ஏதோ ஒன்று வந்துவிடும். கீழே அந்த முரட்டுத்தனம் செல்லாது. இறுக்கினால் அடைத்துக்கொள்ளும். அடியோடு தளர்த்தினால் பன்றி உறுமும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதைப் பிடிக்கத்தான் வருஷக்கணக்காகும்.

என்னை அந்த இடத்துக்குப் பிடித்துத் தள்ளியவன் கபிரியேல். என் வயசுக்காரன். ஹார்பர் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பேரும் ஒரே ஷிப்ட், பேண்டில் அவன் எனக்கு முன் வரிசையில் யூஃபோனியம், பேஸுக்குத் தம்பி மாதிரி ஒரு வாத்தியம். ஒரு நாள் காசிமேட்டுக் கல்லறைக்கு ஒரு சாவு போய்க்கொண்டிருந்தது. அடிச்சுரம் வருகிற இடத்திலெல்லாம் நான் வெறும் காற்றை விட்டுக்கொண்டு வந்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் கபிரியேல் திரும்பினான்.

"இன்னா மாமு, டயர்ல காத்து எறக்கிகினு வர?"

"கீழ எறங்க மாட்டேங்குதுடா."

"நீ டீ ஆத்துற மாறி ஊதுற. அது ஜில்லுக் காத்து. மூக்குக் கண்ணாடி தொடைக்க ஹான்னு ஒண்ணு வுடுவாங்க பாரு, அந்த சூட்டுக் காத்து வோணும். தாவாக்கட்டைய எறக்கு. வாயோட ரெண்டு கோடியும் கெட்டியா நிக்கட்டும், நடுவுல லூஸா வுட்டுடு. மவுத்பீஸ மூஞ்சில போட்டு அமுத்தாத. அது இன்னா உன் பொண்டாட்டியா?"

பின்னால் செத்தவர் வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டு வருகிறார்கள். சிரித்தால் செருப்படி விழும். சிரிப்பை அடக்குவதற்காகத் தாடையை இறக்கி ஹா என்று விட்டேன். வந்துவிட்டது! மார்பெல்லாம் அதிர, கல்மண்டபத்து டீக்கடையில் பெஞ்சில் வைத்திருந்த கிளாஸ் ஒன்று கிணுகிணுத்தது. கபிரியேல் திரும்பாமலே ஒரு கையை ஆட்டினான்.

அதற்கப்புறம் எத்தனை சாவு, எத்தனை தேர்! வீட்டில் பழகியதே இல்லை. வாத்தியங்களைக் கோயில் அறையில் பூட்டி வைத்துவிடுவார்கள், ஊதுகிற நாளில் மட்டும்தான் வெளியே வரும். எனவே நான் பழகியதெல்லாம் தெருவில், நடந்துகொண்டே. இடது காலை வைக்கும்போது மூச்சை இழுப்பது, அடுத்த நாலு அடிக்கு விடுவது. சாவு நடை மெதுவான நடை, கீழ்ச்சுரத்துக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. எனக்குச் சுரம் உதட்டில் இல்லை, காலில் இருந்தது. உட்கார்ந்துகொண்டு நான் ஊதினதே இல்லை. பேண்டுக்காரனுக்கு நாற்காலி யார் போடுவார்கள்?

இது எவ்வளவு பெரிய கோளாறு என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

3

இங்கே மில்லுக்கு மில் ஒரு பித்தளை பேண்டு உண்டு. எங்கள் மில்லிலும் இருந்தது. சாயப்பட்டறையில் டீ குடிக்கும்போது ஒருத்தன் கேட்டான், ஊரில் வேலை முடிந்தால் பொழுதுபோக்குக்கு என்ன செய்வாய் என்று. சாவுக்கு ஊதுவேன் என்று சொல்ல நினைத்து, செத்தவர்களோடு ஊதுவேன் என்று ஏதோ இங்கிலீஷில் உளறிவிட்டேன். மறுநாள் பேக்கிங்கில் வேலை செய்த ஒரு கிழவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போன வருஷம் போன தன் புருஷனோடு ஒரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்லப்போய்த்தான் நான் பேஸ்காரன் என்று மில் முழுக்கத் தெரிந்தது. வாரக் கடைசியில் பேண்டு மாஸ்டர் ஆள் அனுப்பினார்.

அரை வட்டமாக நாற்காலிகள். ஒன்றில் உட்கார வைத்தார்கள். மடியில் அண்டா. மேலே இருக்கிற சுரமெல்லாம் சமத்தாக வந்தது. கீழே இறங்கினேன், போச்சு. டயரில் காற்று. என்னையறியாமல் முழங்கால் இரண்டும் நாற்காலிக்கு அடியில் நடக்க ஆரம்பித்தன, சுரம் கொஞ்சம் வந்தது. ஆனால் பக்கத்து ஆள் என் காலைப் பார்க்கிறான்.

பேண்டு மாஸ்டர் எலக்ட்ரீஷியன், ஒல்லி மனிதர், கோபமே வராது, அதுதான் பயம். நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சேவியர், உங்கள் ஒவ்வொரு சுரமும் மாடிப்படி இறங்குகிற மாதிரிக் குலுங்குகிறது. ஏன்?"

எனக்கு நடந்தால்தான் வரும் என்று எப்படிச் சொல்வது? "குளிர்" என்றேன். முழுப் பொய்யும் இல்லை. ராயபுரத்து வெயிலில் பித்தளை தானாகவே சூடாகிவிடும். இங்கே எடுத்ததும் மவுத்பீஸ் ஐஸ் கட்டி, சுதி கீழே இறங்கிவிடும். அதை மேலே தூக்க உதட்டை இறுக்குவேன், இறுக்கினால் கீழ்ச்சுரம் சாகும்.

அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரு சுரத்தை எடுத்து மூச்சு தீரும்வரை நிறுத்துவது. அப்புறம் அரைச் சுரம் கீழே. அப்புறம் இன்னும் அரைச் சுரம். அவசரமே கூடாது. "முக்கியமாக," என்றார், "அசையாமல் உட்காருங்கள்."

4

அம்மா கல்மண்டபத்தில் மீன் விற்றவள். அவள் குரல் கொடுத்தால் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் பையை எடுத்துக்கொண்டு வருவான். அப்படிப்பட்ட மனுஷிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமானது எனக்குத் தெரியாது. தெரியாமல், மாதம் ஒரு கேஸட் பேசி அனுப்பிக்கொண்டிருந்தேன். பர்மா பஜாரில் மச்சான் ஒரு ரெக்கார்டர் வாங்கியிருந்தார். அவர்தான் ஸ்டெல்லாவின் புருஷன், கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். "எப்படிம்மா இருக்கே, இங்கே குளிர்மா, ரீட்டா வளர்ந்துட்டாம்மா" என்று பக்கம் பக்கமாகப் பேசுவேன்.

போன கார்த்திகையில் ஸ்டெல்லாவின் பதில் கேஸட் வந்தது. 

"அண்ணே, சொன்னா கோச்சிக்காத. நீ அனுப்புறது அம்மாவுக்கு ஒண்ணியும் கேக்கல. நீ பேசிகினே கீற, அது பாட்டுக்கு வெத்தல மென்னுகினு கீது. நடுவுல 'இன்னாடி, பொட்டி ஓடுதா?'ன்னு வேற கேக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். மெல்லிசு சத்தம்லாம் பூட்ச்சாம். தடியா இருக்கிற சத்தம் மட்டும் உள்ள போவுதாம். மெய்யாலுமேண்ணே, ஹார்பர்ல கப்பல் சங்கு வுட்டா மட்டும் டக்குனு திரும்பிப் பாக்குது."

கேஸட்டை நிறுத்திவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை மாதமும் நான் சுவரோடு பேசியிருக்கிறேன். அதைவிட, அவள் அத்தனை மாதமும் ஓடாத பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். லீவு எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது இப்போதைக்கு ஆகிற காரியமாகவும் இல்லை.

என் மனைவி பிலோமினா தண்டையார்ப்பேட்டைக்காரி. எதற்கும் அதிக நேரம் அழ விட மாட்டாள்.

"தே, இன்னாத்துக்கு இப்ப ஒப்பாரி? தடி சத்தம்தான அத்தைக்குக் கேக்குதாம்? வாயால பேசுறத வுடு. அண்டாவால பேசு."

எனக்கு ஏன் தோன்றவில்லை? கோபம் கோபமாக வந்தது, என் மேலேயே. உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அது மட்டும்தான் அம்மாவின் காதுக்குள் போகும். அதுவும் இப்போது எனக்கு வரவில்லை.

5

வாத்தியத்தை வீட்டுக்கு எடுத்துப்போக மில் ஆபீசில் அனுமதிப் படிவம். எதற்கு என்று ஒரு கட்டம். 'அம்மாவுக்கு' என்று எழுதினேன். குமாஸ்தா அடித்துவிட்டு 'பயிற்சி' என்று எழுதிக்கொண்டார். 

குளிர்காலம் முழுவதும் சமையலறை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து ஊதினேன். பிலோமினா மவுத்பீஸைத் துணியில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்திருப்பாள். தாடையை இறக்கு, கோடியைப் பிடி, சூட்டுக் காற்று விடு. கபிரியேல் சொன்னதும் பேண்டு மாஸ்டர் சொன்னதும் ஒன்றுதான், இவர் மட்டும் பொண்டாட்டியை இழுக்கவில்லை. முதல் மாதம் கால்கள் கேட்கவே இல்லை. பிலோமினா நாற்காலிக் காலோடு சேர்த்து என் காலைப் பழைய புடவையால் கட்டிவிட்டாள்.

"இன்னாய்யா மாடு கன்னு போடுற மாறி கீது," என்பாள். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் ஏறக்குறைய அதையே இங்கிலீஷில் சொன்னார். 

ரீட்டாவுக்குப் பதிமூன்று வயது. வந்தபோது ஆறு. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். அவள் சொல்வதை நான் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். "டாட், என் ஃபிரண்ட்ஸ் தெருவில் வரும்போது மட்டும் நிறுத்துங்கள்." அவ்வளவுதான் அவள் என்னிடம் கேட்டது. பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரிக்கொண்டு போவாள், திரும்பி வந்து அறைக் கதவை மூடிக்கொள்வாள். பெற்றவனுக்கு மூடின கதவைப் பார்த்துக்கொண்டு பேஸ் ஊதுவது பெரிய சுகமில்லை.

ஆனால் கீழ்ச்சுரம் வந்தது. மாசி மாதம் ஒரு நாள் அலமாரியில் இருந்த இட்லிப் பானை மூடி தானாக ஆடியது. இன்னும் அரைச் சுரம் இறங்கினேன், நின்றது. இன்னும் ஒன்று, அதுவும் நின்றது! கட்டின காலோடு, தோசைக்கல் மாதிரி சமமாக, ஒரு குலுக்கல் இல்லாமல். ராயபுரத்தில்கூட நான் அவ்வளவு கீழே போனதில்லை. பேண்டு மாஸ்டர் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே எங்கள் தேர்ப்பாட்டின் பேஸ் வரியை நாற்காலியில் உட்கார்ந்து கேஸட்டில் ஊதி அனுப்பினேன். எனக்கு ஒரே பெருமை.

பதில் வந்தது.

"அண்ணே! கேக்குதுண்ணே! இவரு மைக் செட் பொட்டில போட்டு வுட்டாரு. அம்மா பொட்டி மேல கைய வெச்சிகினு கேட்டுது. ஆனா இன்னா சொல்லுது தெரியுமா? 'எவன்டி இவன்? நல்லாத்தான் ஊதறான். உக்காந்துகினு ஊதறான்'னுது. 'உன் புள்ளதாம்மா'ன்னு தொண்ட கிழியக் கத்தினேன். கைய ஆட்டிட்சி. 'போடி. எம்புள்ள ஊதினா ஆடிகினு வரும்'னுட்சி."

பிலோமினா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர்காலம் முழுவதும் காலைக் கட்டிப் போட்டு எதைத் தேய்த்து எடுத்தேனோ, அதை வைத்துத்தான் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டிருந்திருக்கிறாள்.

6

"அப்படியானால் நடந்து ஊதுங்கள்," என்று ஒரு குரல். ரீட்டா. கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"எங்கே நடக்கிறது? கொல்லையில் நாலு அடி வைத்தால் சுவர்."

"தெருவில்."

"ரெக்கார்டரை யார் தூக்குவார்கள்?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். தெரு என்றால் அவளுடைய தெரு. அவள் சிநேகிதிகளின் தெரு. "பாட்டிக்குத்தானே," என்று சொல்லிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ரெக்கார்டரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு பக்கமும் கரிப்பிடித்த செங்கல் வீடுகள், நடுவில் இறக்கமாகப் போகிற தெரு. நான் அண்டாவை மாட்டிக்கொண்டேன், பக்கத்தில் ரீட்டா, அதே தேர்ப்பாட்டு. இடது கால், மூச்சு. ஹா. ஐயா, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! குளிர்காலத்தில் சம்பாதித்த கீழ்ச்சுரம் அத்தனையும் காலுக்குள் இறங்கி, அடிக்கு ஒரு ஆட்டம் ஆடி, தெரு முழுக்க உருண்டுகொண்டு போனது. இத்தனை வருஷத்தில் அந்த ஊரில் முதன்முதலாக நான் நானாக நடந்தேன்.

வீட்டுக் கதவுகள் திறந்தன. அந்தக் கிழட்டுப் பக்கத்து வீட்டுக்காரர், சுவரைத் தட்டுகிறவர், என் நடையைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். முனையில் ஒரு போலீஸ்காரர் வழி மறித்தார். ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறோமா என்றார். எத்தனை பேர் வருகிறார்கள் என்றார். ரீட்டா, அந்த ஊர்க்காரியின் அசல் இங்கிலீஷில், "இரண்டு பேர். இந்தியாவில் இருக்கிற என் பாட்டிக்காக. தயவுசெய்து பேசாதீர்கள், ரெக்கார்ட் ஆகிறது" என்றாள். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு, ரோட்டில் இறங்கி, வந்த காரைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

எதிர்ப்பக்க நடைபாதையில் அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீட்டாவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் என் பக்கத்தைவிட்டு விலகவில்லை. மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தாள்.

7

தபாலாபீசில் கஸ்டம்ஸ் சீட்டு. உள்ளே என்ன என்றாள் கவுண்டர் பெண். சத்தம் என்றேன். என்ன சத்தம்? தடித்த சத்தம். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, 'அன்பளிப்பு' என்று அவளே எழுதி முத்திரை குத்தினாள்.

அதற்குப் பிறகு பதில் வரவே இல்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. பிலோமினா தபால்காரனைப் பார்க்கிற பார்வையில் அவன் எங்கள் வீட்டைத் தாண்டும்போது வேகமாக நடக்க ஆரம்பித்தான். நேற்றுத்தான் வந்தது. மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து போட்டோம்.

"அண்ணே, ஸ்டெல்லா பேசுறேன். இவுரு மைக் செட் பொட்டிய வூட்டுக்குள்ள வெச்சி வுட்டாரு. அம்மா மீன் ஆஞ்சிகினு இருந்திச்சி. முதுவ காட்டிகினு உக்காந்துகினு இருந்திச்சி. பாட்டு ஆரம்பிச்சிதா, கத்தி நின்னுட்சி. தலையத் தூக்கிட்சி. நாங்க ஒண்ணியும் சொல்லலண்ணே, சத்தியமா. கையக் கழுவிட்சி. முந்தானைய எடுத்து தலைல முக்காடு போட்டுகினு நேரா வாசலுக்குப் பூட்ச்சி. 

'எங்கம்மா போற, பொட்டி இங்க கீது'ன்னு பின்னாலயே ஓடினேன். என்னத் திரும்பி ஒரு மொற மொறச்சிது பாரு. 'தேர் வருதுடி. எம்புள்ள ஊதிகினு வரான். கேக்கல ஒனக்கு? செவுடா நீ?'ன்னுது.

டேப்பு முடிஞ்சிட்சிண்ணே. முடிஞ்சி எவ்ளோ நேரமாவுது. அது இன்னும் உள்ள வரல. முக்காட்டோட தெரு முனையையே பாத்துகினு நிக்குது. நான் இன்னான்னு சொல்லி அத்த உள்ள கூப்புடட்டும், நீயே சொல்லு."

ரீட்டா என்னைப் பார்க்காமல் ரெக்கார்டரை நிறுத்தினாள். நாளைக் காலை ஃபோர்மேன் வந்ததும் முதல் ஆளாகப் போய் நின்று லீவு கேட்கப் போகிறேன். கொடுக்காவிட்டாலும் கிளம்பப் போகிறேன்.